எரிபொருள் வடிகட்டியைச் சிந்தாமல் மாற்றும் முறை

பாவு நூலுக்குக் கஞ்சி போடும் அங்கத்தினர்களுக்கு வடிகட்டுதலின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கஞ்சியைத் துணியிலிட்டு வடித்த பின்னரே பாவிற் பூசுகிறோம். வடிக்காத கஞ்சியில் உள்ள சிறு கட்டி ஒன்று இழையிற் காய்ந்து நின்றாலும், அது விழுதிலோ அச்சிலோ சிக்கி நூலை அறுத்துவிடும். சொட்டுநீர்ப் பாசனம் அமைத்துள்ள விவசாய அங்கத்தினர்களும் இதனை அறிவார்கள். வடிகட்டியைக் கழுவாமல் விட்டால் கடைக்கோடியில் உள்ள சொட்டுவான்கள் அடைபட்டு, அங்குள்ள வாழைதான் முதலில் வாடுகிறது. மோட்டார் வண்டியில் உள்ள எரிபொருள் வடிகட்டியும் இத்தகையதொரு சாதனமே.

இன்று நம் அங்கத்தினர் பலரிடம் காரோ, சரக்கு வேனோ, டிராக்டரோ இருக்கிறது. வடிகட்டியை மாற்றும் வேலையைப் பட்டறைக்குக் கொண்டுபோகாமல் வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். அது கடினமான வேலை அன்று, செலவும் மிச்சமாகும். ஆயினும், அதனைச் செய்யும் முறையில் நேரும் கவனக்குறைவு வீட்டையும் தறியையும் ஒருங்கே அழித்துவிடக்கூடும். ஆகவே இம்மாதம் இதனை விளக்கமாக எழுத முற்பட்டோம்.

வடிகட்டி செய்யும் வேலை

தொட்டியில் உள்ள பெட்ரோலும் டீசலும் நம் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றினாலும் முற்றிலும் சுத்தமானவை அல்ல. துரு, மணல், நீர் ஆகியவை அவற்றில் சிறிதளவேனும் கலந்திருக்கும். எஞ்சினுக்கு எரிபொருளைத் தெளிக்கும் ஊசிமுனைத் துளைகள் மிக நுண்ணியவை. நம் தலைமயிரின் பருமனிற் பத்தில் ஒரு பங்கேயுள்ள துகளும் அவற்றைத் தேய்த்துக் கெடுத்துவிடும். இந்தத் துகள்களை மடிப்பு மடிப்பான காகிதத்தினால் தடுத்து நிறுத்துவதே வடிகட்டியின் வேலை.

டீசலில் நீரினால் வரும் கேடு அதிகம். பாதி காலியான தொட்டியில் இரவின் குளிர்ச்சியினால் காற்றிலுள்ள ஈரம் வியர்த்து, நீராகி அடியில் தங்குகிறது. டீசலும் நீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுத்த பாசி போன்ற கசட்டையும் உண்டாக்குகின்றன. அன்றைய வேலை முடிந்ததும் டிராக்டரின் தொட்டியை நிரப்பி வைக்கவேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்லுவது இதனாலேயே.

வடிகட்டி அடைபட்டால் வண்டி சில குறிகளைக் காட்டும். பளு ஏற்றி மேட்டில் ஏறும்போது இழுவை குறையும். வேகமாகச் செல்லும்போது திக்கித் திணறும். காலையில் வெகுநேரம் முயன்றபின் கிளம்பும். ஆனால் இக்குறிகள் தோன்றும்வரை காத்திருத்தல் நல்லதன்று. வண்டிக்குரிய கையேட்டில் இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்றும், டிராக்டர் கையேட்டில் இத்தனை மணி நேர ஓட்டத்திற்கு ஒருமுறை என்றும் குறித்திருப்பார்கள். அதனைப் பின்பற்றுதலே சிக்கனம்.

அபாயம் எங்கே இருக்கிறது?

நம் சங்கத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியை மறைக்காமல் கூறுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஜவுளிக் கண்காட்சிக்குச் சரக்கு ஏற்றிய பெட்ரோல் வேன் சரியாக இழுக்கவில்லை. பொழுது போகிறதே என்ற அவசரத்தில், சாயக் கொட்டகை ஓரத்திலேயே வண்டியை நிறுத்தி வடிகட்டியின் குழாயைக் கழற்றினோம். குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவில்லை. பெட்ரோல் பீய்ச்சியடித்துச் சட்டைக் கை முழுவதையும் நனைத்துத் தரையிலும் ஓடியது. இருபது அடி தூரத்தில் சாய அடுப்பு. அன்று அடுப்பில் நெருப்பு இல்லை. நாம் முன்யோசனையுடன் அணைத்து வைத்தோமா? இல்லை. அன்று சாயம் போடும் முறை இல்லை, அவ்வளவுதான். அந்த இருபது அடியை இன்றும் நாம் மறக்கவில்லை.

பெட்ரோலில் நேராகத் தீப்பற்றுவது திரவம் அன்று. அதிலிருந்து எழும் ஆவியே. உறைபனியினும் மிகக் குளிர்ந்த நிலையில், அதாவது பூஜ்யத்திற்குக் கீழே 40 டிகிரி சென்டிகிரேடிலும் தீப்பற்றத் தக்க ஆவியைப் பெட்ரோல் வெளிவிடும் எனில், நம் ஊர் வெயிலில் எப்படியிருக்கும் என்று கூற வேண்டுவதில்லை. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவு ஆவி கலந்தாலே ஒரு பொறி போதும்.

மேலும் பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமுள்ளது. ஆகவே அது புகையைப்போல் மேலே எழுந்து போய்விடுவதில்லை. தண்ணீரைப்போல் தரையோடு தவழ்ந்து பள்ளத்தை நாடிச் செல்லும். குழித்தறி வைத்திருக்கும் அங்கத்தினர்கள் இதனை மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். வாசலிற் சிந்திய பெட்ரோலின் ஆவி வாயிற்படியைத் தாண்டினால், அது சென்று தங்கும் இடம் தறிக்குழிதான். அங்கே நூலும் பஞ்சுத் தூசியும் மின்சார விளக்கும் இருக்கின்றன.

டீசல் இவ்வளவு எளிதிற் பற்றுவதில்லை. எனினும் சூடேறிய புகைக்குழாயின்மேற் சிந்தினாலும், மெல்லிய தாரையாகப் பீய்ச்சினாலும் அதுவும் தீப்பற்றும்.

இவற்றிலிருந்து நாம் அறிந்துகொள்ள வேண்டிய உண்மை ஒன்றே. சிந்தாமல் மாற்றுவது வேறு, ஆபத்தின்றி மாற்றுவது வேறு என்று பலர் நினைக்கிறார்கள். அவை இரண்டும் ஒன்றே. சிந்தாத எரிபொருளுக்கு ஆவி இல்லை. ஆவி இல்லாத இடத்தில் தீயும் இல்லை.

தொடங்குமுன் செய்ய வேண்டியவை

முதலாவதாக, இடம். காற்றோட்டமுள்ள வெளியிடத்தில், சமதரையில், பகல் வெளிச்சத்தில் வேலை செய்யவேண்டும். அடுப்பு, பூஜை விளக்கு, பீடி, வெல்டிங் வேலை, ஓடும் மோட்டார் ஆகியவை அருகில் இருத்தல் ஆகாது. குழந்தைகளையும் அப்பாற்படுத்துக. பழைய சூடேறும் பல்பை ஒயரில் தொங்கவிட்டு வண்டிக்கடியில் வேலை செய்யும் வழக்கம் மிகவும் தீயது. அதன்மேல் ஒரு துளி பெட்ரோல் விழுந்தாலும் பல்பு வெடித்துத் தீயை மூட்டிவிடும்.

இரண்டாவதாக, நேரம். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். விடியற்காலை மிகவும் உகந்தது. தொட்டியில் எரிபொருள் குறைவாக, கால் பங்குக்கும் கீழே இருக்கும் நாளைத் தேர்ந்தெடுத்தால் குழாய் வழியே தானாக வழிந்து வருவது பெரிதும் குறையும்.

மூன்றாவதாக, சாமான்கள். புது வடிகட்டி, புது வாஷர்கள், புதுக் கிளிப்புகள், பொருத்தமான ஸ்பேனர்கள், அகலமான உலோகத் தட்டு ஒன்று, மூடியுள்ள உலோக டப்பா ஒன்று, கண்ணாடி, நைட்ரில் கையுறை, ஒரு வாளி உலர்ந்த மணல், உலர்தூள் தீயணைப்பான் ஆகியவற்றை எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். பெட்ரோலைப் பிடிக்கப் பிளாஸ்டிக் வாளியை உபயோகிக்கலாகாது. அதில் உராய்வினால் நிலைமின்சாரம் சேர்ந்து பொறி எழக்கூடும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றுவதும் தவறு. எரியும் பெட்ரோல் தண்ணீரின்மேல் மிதந்து மேலும் பரவும்.

துடைக்கும் துணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டறைகளில் பனியன் வேஸ்டை உபயோகிக்கிறார்கள். தரையைத் துடைக்க அது ஏற்றது. ஆனால் வடிகட்டி அமரும் வாயைத் துடைக்க அது தகாது. அதன் நூற்பிசிறு உள்ளே புகுந்து நாம் தடுக்க நினைத்த கேட்டையே செய்யும். அவ்விடத்திற்குப் பலமுறை வெளுத்து மழமழப்பான பழைய வேட்டித் துண்டே சிறந்தது. நெசவாளர் வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை.

வண்டிக்கடியில் புகவேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பக்கூடாது. உறுதியான தாங்கிகளை வைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பின்னரே புகவேண்டும்.

பெட்ரோல் வண்டியில்

முதலில், உங்கள் வண்டியில் வடிகட்டி எங்கே இருக்கிறது என்பதைக் கையேட்டிற் பாருங்கள். இக்காலத்துப் பெட்ரோல் கார்கள் பலவற்றில் அது தொட்டிக்குள்ளேயே பம்புடன் சேர்ந்திருக்கிறது. அதனை வீட்டில் கழற்ற முற்படாமல் பட்டறைக்கு விடுதலே அறிவுடைமை. கீழே கூறுவது, தொட்டிக்கு வெளியே குழாயின் நடுவே வடிகட்டி அமைந்துள்ள வண்டிகளுக்கே பொருந்தும்.

கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளில் குழாயின் அழுத்தம் சொற்பமே. ஊசி மூலம் பெட்ரோலைத் தெளிக்கும் வண்டிகளிலோ சதுர சென்டிமீட்டருக்கு 3 முதல் 4 கிலோ வரை இருக்கும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றின் அழுத்தமே ஏறக்குறைய 2 கிலோதான் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். எஞ்சினை நிறுத்திய பின்னரும் இவ்வழுத்தம் பல மணி நேரம் தங்கும். ஆகவே முதலில் அதனைத் தணிக்கவேண்டும்.

தணிக்கும் முறை இது. பெட்ரோல் பம்புக்குரிய பியூஸைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கிளப்புக. குழாயில் உள்ள பெட்ரோல் தீர்ந்ததும் அது தானே நின்றுவிடும். மீண்டும் ஓரிரு விநாடி கிளப்பிப் பார்த்துச் சாவியை எடுத்துவிடுக. பிறகு தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே தேங்கிய ஆவியின் அழுத்தத்தை வெளியேற்றி மீண்டும் மூடுக. இறுதியாக பாட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றுக. இவ்வரிசை மாறக்கூடாது, பாட்டரியை முதலிற் கழற்றினால் எஞ்சினைக் கிளப்ப முடியாது.

அழுத்தம் தணிந்தாலும் வடிகட்டிக்குள்ளும் குழாயிலும் ஒரு டம்ளர் அளவாவது பெட்ரோல் நிற்கும். உலோகத் தட்டை நேர் கீழே வைத்து, இணைப்பைச் சுற்றித் துணியைச் சுற்றிக்கொண்டு மெதுவாகத் தளர்த்தவேண்டும். குழாயைப் பிடுங்கி இழுக்காமல் சற்றே திருகினால் ஒட்டியிருப்பது விடும். அழுத்திக் கழற்றும் பிளாஸ்டிக் இணைப்பாயின், அதிலுள்ள மண்ணை முன்னதாகவே சுத்தம் செய்து, காதுகளை அமுக்கிக் கழற்றுக. குழாய் கழன்றவுடன் அதன் வாயைச் சுத்தமான போல்ட்டினாலோ அடைப்பானாலோ மூடிவிடுக. சிந்துவதில் பெரும்பகுதி இந்த ஒரு செய்கையினால் நின்றுவிடும்.

பழைய வடிகட்டியை நிமிர்ந்தபடியே எடுத்துத் தட்டிற் கவிழ்க்கவேண்டும். புதியதன்மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். அது எஞ்சினை நோக்கி அமையவேண்டும். வெடிப்பு விட்ட ரப்பர் குழாயையும் துருப்பிடித்த கிளிப்பையும் மீண்டும் போடுவது பொய்ச் சிக்கனம். இந்தியாவில் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலை 2025-ஆம் ஆண்டில் எய்தப்பட்டது. பழைய வகை ரப்பர் சில அதனைத் தாங்காமல் ஊதி மெலியக்கூடும். ஆதலால் புதுக் குழாய் வாங்கும்போது எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குக.

டீசல் வண்டியிலும் டிராக்டரிலும்

டிராக்டரில் தொட்டி பெரும்பாலும் வடிகட்டிக்கு மேலே இருக்கும். ஆதலால் தொட்டிக் குழாயின் திருகை அடைக்காமல் கைவைத்தால் தொட்டி முழுவதும் காலியாகும்வரை டீசல் கொட்டிக்கொண்டேயிருக்கும். முதலில் அதனை அடைத்து, வடிகட்டியின் வெளிப்புறத்தில் படிந்துள்ள புழுதியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நன்றாகத் துடைத்துவிடுக. அடியில் வடிகால் திருகு இருந்தால், அதன் கீழே டப்பாவை ஏந்தித் திறந்து, தங்கிய நீரையும் டீசலையும் வடித்துக்கொள்ளவேண்டும்.

திருகிக் கழற்றும் டப்பா வடிவ வடிகட்டியாயின், சிந்தாமல் எடுக்க ஓர் எளிய உபாயம் உண்டு. முதலில் சற்றே தளர்த்திவிட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பை ஒன்றைக் கீழிருந்து மேலாக மாட்டி, பைக்கு வெளியிலிருந்தே கையாற் பற்றித் திருகுக. வடிகட்டி கழன்று பைக்குள் அமரும். வழியும் டீசலும் பைக்குள்ளேயே தங்கும். கையும் நனையாது, தரையும் நனையாது.

பழைய ரப்பர் வளையம் மேலே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவது உண்டு. அதனைப் பாராமல் புதியதைப் போட்டால் இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்து ஒழுகும். புது வளையத்தில் சுத்தமான டீசலைத் தடவி, கையால் திருகி, வளையம் படிந்தபின் வடிகட்டியின்மேல் அச்சிட்டுள்ள அளவுக்கு மட்டும் இறுக்குக. பெரும்பாலும் அது முக்கால் சுற்றுக்கு மேற்படாது. ஸ்பேனர் போட்டு முறுக்கினால் வளையம் நசுங்கும்.

புது வடிகட்டியில் டீசலை ஊற்றி நிரப்பிப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். நடுத்துளை வழியே ஊற்றும் டீசல் வடிகட்டப்படாமலேயே எஞ்சினுக்குச் சென்றுவிடும். இக்காலத்து மிக உயர் அழுத்த டீசல் எஞ்சின்களுக்கு அது கேடு. ஆகவே காலியாகவே பொருத்திக் கைப்பம்பினால் நிரப்புதல் நல்லது.

காற்றை வெளியேற்றுதல்

டீசல் குழாயிற் காற்று புகுந்துவிட்டால் எஞ்சின் கிளம்பாது. டிராக்டரில் வடிகட்டியின் தலையில் உள்ள சிறு திருகைச் சற்றே தளர்த்தி, அதன் கீழே துணியை வைத்துக்கொண்டு கைப்பம்பை அடிக்கவேண்டும். முதலில் நுரையும் குமிழியுமாக வரும். குமிழி நின்று தெளிந்த டீசல் வந்ததும், அது வந்துகொண்டிருக்கும்போதே திருகை மூடிவிடுக. புதிய கார்களில் ரப்பர்க் குமிழைக் கெட்டியாகும்வரை அமுக்கினாலோ, சாவியைச் சில முறை போட்டு அணைத்தாலோ காற்று தானே வெளியேறும். எதுவென்று கையேடு கூறும்.

எஞ்சின் ஓடும்போது உயர் அழுத்தக் குழாய்களைத் தளர்த்துவதோ, கசிவைத் தேடி அவற்றிற் கைவைப்பதோ எக்காலத்தும் கூடாது. சில எஞ்சின்களில் அவ்வழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1,600 கிலோவையும் தாண்டும். அந்தத் தாரை தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். புறத்தே ஊசி குத்தியதுபோல் சிறு புள்ளியே தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். தாமதித்தால் கையையே இழக்க நேரிடும்.

கசிவு பார்த்தல்

வேலை முடிந்ததென்று உடனே வண்டியை ஓட்டக்கூடாது. சிந்தியதை எல்லாம் துடைத்து, ஆவி கலையும்வரை பொறுத்திருந்து, பிறகே பியூஸையும் பாட்டரி ஒயரையும் மாட்டுக. சாவியைப் போட்டுப் பம்பை மட்டும் இயக்கி, இணைப்புகளைக் கண்ணாற் பாருங்கள். பிறகு எஞ்சினைக் கிளப்பி, சிறிது நேரம் ஓடவிட்டு அணைத்து, உலர்ந்த காகிதத்தை இணைப்பிற் சுற்றிப் பாருங்கள். காகிதம் நனைந்தால் மீண்டும் கழற்றிப் பொருத்தவேண்டும். “சொட்டுத்தானே” என்று விடுவதற்கு இடமில்லை.

சிந்தியதும் மிஞ்சியதும்

தரையிற் சிந்தியதன்மேல் மணலைப் பரப்பி ஊறவிட்டு அள்ளுக. நனைந்த துணிகளைத் தறிக்கூடத்தின் மூலையில் எறியாமல் மூடியுள்ள உலோக டப்பாவில் போட்டு வெளியே வைக்கவேண்டும். வடித்த எரிபொருளையும் பழைய வடிகட்டியையும் பழைய எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் ஒப்படைக்கலாம். வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டுவது நம் குடிநீரில் நாமே நஞ்சு கலப்பதாகும். வடித்ததைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதும் ஆகாது; அதனைத் தாகத்திற்கு எடுத்துக் குடிக்கும் குழந்தை உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

வாயால் உறிஞ்சி எரிபொருள் எடுக்கும் பழக்கத்தையும் அறவே விடவேண்டும். பெட்ரோலையோ டீசலையோ ஒருவர் விழுங்கிவிட்டால் அவரை வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். வாந்தியின்போது அது நுரையீரலுக்குட் சென்றால் உயிருக்கே ஆபத்து. தாமதமின்றி 108 எண்ணுக்குச் சொல்லி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். உடையில் பெட்ரோல் பட்டால் உடனே உடையை மாற்றி, தோலைச் சோப்புப் போட்டுக் கழுவுக.

முடிவாக ஒன்று கூறுவோம். இவ்வேலையில் வடிகட்டியை மாற்றுவதற்குப் பிடிக்கும் நேரம் சொற்பமே. அதற்கு முன்னும் பின்னும் செய்யவேண்டிய ஏற்பாடுகளுக்கே நேரம் வேண்டும். பாவை ஓட்டிப் புணைத்து முடிக்கும்வரை பொறுமை காட்டும் நம் கைகளுக்கு இந்த நேரம் பெரிதன்று. நம் சங்கத்து வேனுக்கு இப்பொழுது வடிகட்டி மாற்றும் நாளில், சாயக் கொட்டகைக்கு அப்பால் உள்ள வெளியிடத்தில் மணல் வாளி முதலில் வந்து நிற்கிறது. வண்டி அதன் பின்னரே வருகிறது. அங்கத்தினர்கள் தங்கள் வீட்டு வாசலிலும் இவ்வரிசையையே கைக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளுகிறோம்.